குதிகால் கீழே

ஒன்பது வாரம் கத்தாமல் இருந்ததற்காக என் மகளை மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள். தட்டியவர்களில் நானும் ஒருவன். அதுவும் முதல் வரிசையில், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஊரையெல்லாம் திட்டும்போது, இவன் மட்டும் என்ன யோக்கியமா என்று யாரும் கேட்கக் கூடாது. இல்லை, நான் யோக்கியம் இல்லை.

நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவன். வீடு வீடாகப் போவேன். போவதற்கு முன் போனில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சத்தம் வருது?" என்பதுதான். பெரிய பெரிய அதிகாரிகள்கூட வெட்கத்தை விட்டு, "கட கட கட... அப்புறம் ஊஊன்னு ஒண்ணு" என்று வாயாலேயே செய்து காட்டுவார்கள். அதைக் கேட்டே பேரிங் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, சட்டைப்பையில் சாவியை விட்டுவிட்டார்களா என்று பாதி சொல்லிவிடுவேன். என் மனைவிக்கு ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் முன்பின் தெரியாதவர்கள் கத்துவதைக் கேட்பாள். என்ன கத்துகிறார்கள் என்று பார்க்காதே, எதற்குக் கத்துகிறார்கள் என்று பார். அங்கே முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆக, எங்கள் இருவருக்கும் சோறு போடுவதே அடுத்தவர் வீட்டுச் சத்தம்தான். பெற்ற பிள்ளையின் சத்தத்தை மட்டும் அடைத்து வைக்கப் பார்த்தோம்.

பாப்பாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பேசுவாள். "பால்." "வேணாம்." "சுத்து." சுத்து என்றால் வாஷிங் மெஷின். எங்கள் வீட்டில் இருப்பது கண்ணாடிக் கதவு வைத்த மெஷின். அதன் முன்னால் நின்று துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சந்தோஷம் தாங்காமல் இரண்டு கைகளையும் படபடவென்று அடித்துக்கொள்வாள். நடப்பது எப்போதும் முன்பாதத்தில். குதிகால் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாதோ என்று நினைக்கும்படி இருக்கும்.

காலுறை இல்லாமல் தரையில் நிற்க மாட்டாள். கறுப்புக் காலுறைதான் வேண்டும். குளிக்கும்போதும் அது காலில் இருக்கும். அந்தச் சண்டையை ஒரு வருடம் போட்டுத் தோற்றோம். குளித்து முடித்ததும் துண்டுக்குள் காலை ஒளித்துவைத்து, ஈரக் காலுறையைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டிக்கொண்டு, ஈரத்தை நேராக மெஷினுக்குள் போட்டுவிடுவாள். நாங்கள் அவள் பாதத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் தூங்கும்போது நகம் வெட்டும் அந்தப் பத்து நிமிடம்தான்.

அப்புறம், கத்துவாள். சாதாரணக் கத்தல் இல்லை. கடையில் வரிசையில் நிற்கும்போது ஆரம்பித்தால் வரிசையே கலைந்துவிடும். பஸ்ஸில் கத்தியபோது ஒரு பெண்மணி, "பிள்ளையைப் பெத்தா மட்டும் போதுமா, வளர்க்க வேணாமா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மனைவியின் அண்ணன் வரும்போதெல்லாம், "மாப்பிள்ளை, நாலு போடு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார். தன் வீட்டு நாய் சொன்ன பேச்சைக் கேட்க வைக்கத் துப்பில்லாத மனுஷன் அவர். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேற்கூரையை இடிப்பார். பாப்பா குதித்தால் இரண்டு இடி, கத்தினால் நான்கு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கத்தலை எங்களுக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. இழுத்து இழுத்துக் கத்தினால் சட்டையின் பின்கழுத்தில் இருக்கும் லேபிள் உறுத்துகிறது. விட்டு விட்டுக் கத்தினால் எங்கேயோ குழந்தை அழுகிறது, அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரே மூச்சில், தொண்டை கிழிய, முகம் சிவக்கக் கத்தினால் உடம்பில் எங்கோ வலி. ஏழு வயதில் காதில் சீழ் வைத்தபோது அப்படித்தான் கத்தினாள். அரை மணி நேரத்தில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தக் கத்தல் மட்டும் இல்லையென்றால் காது போயிருக்கும் என்றார் டாக்டர். நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தோம்.

பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. இருபத்தெட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் என் மகள் ஒருத்தி. தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ரொம்பப் பக்குவமாகச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. மத்த பேரன்ட்ஸ் கேக்கறாங்க. இந்த வருஷ முடிவுக்குள்ள சத்தம் குறையணும். இல்லன்னா அடுத்த வருஷம் இடம் தர்றது கஷ்டம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இதற்கு முன் ஆறு பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கியிருந்தோம். ஆறிலும் விண்ணப்பத்தில் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததுமே, "உங்களுக்கு நாங்களே போன் பண்றோம்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்தார்கள். சேர்த்துக்கொண்ட ஒரே இடம் இதுதான். இதுவும் போனால் ஏழு வீட்டுக் கதவையும் தட்டி முடித்தவர்களாக நிற்போம். என் மனைவி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பின்தான் பயிற்சியாளர் வந்தார். பள்ளிக்கூடமே ஏற்பாடு செய்த இளைஞர், எப்போதும் சிரித்த முகம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு உஷார் வந்திருக்கும். அவர் ஒரு தாள் கொண்டுவந்தார். வாரத்துக்கு ஐந்து கட்டம், ஒவ்வொரு நாளும் நன்றாக இருந்தால் ஒரு பச்சை வட்டம். நன்றாக இருப்பது என்றால் மூன்று விஷயம். வாய் மூடி. கை மடியில். குதிகால் கீழே. மூன்றையும் ராகம் போட்டுச் சொல்லுவார், கடைசியில் "நல்ல பொண்ணு" என்று முடிப்பார்.

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று கேட்டார்.

"வாஷிங் மெஷின்" என்றேன், பெருமையாக.

"அப்போ அதை அவளுக்குக் காட்டாதீங்க. அஞ்சு வட்டம் வந்தா சனிக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்கட்டும்."

அன்று மாலை மெஷினின் கண்ணாடிக் கதவின்மேல் ஒரு தடித்த போர்வையைப் போட்டு ஊக்கு குத்தினேன். என் கையால் குத்தினேன். உள்ளே துணி சுற்றும் சத்தம் கேட்க, பாப்பா போர்வைக்கு முன்னால் நின்று, "சுத்து... சுத்து" என்றாள். யாரையும் தொந்தரவு செய்யாத, பைசா செலவில்லாத ஒரே ஒரு சந்தோஷம் அவளுக்கு. அதையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டோம்.

முறை என்னவோ பலித்தது. முதல் இரண்டு வாரம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூன்றாவது வாரம் மூன்று வட்டம். நான்காவது வாரம் ஐந்து. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. கத்த வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, உதட்டைப் பல்லால் கடித்துக்கொள்வாள். படபடக்கத் தூக்கிய கைகளை மடியில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று அழுத்திக்கொள்வாள். பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டாள் என்று மனைவியின் அண்ணன் பாராட்டினார். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்த்து, "இப்பல்லாம் உங்க வீட்ல ஆள் இருக்கறதே தெரியல சார்" என்று சிரித்தார். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்கு நாங்கள் எவ்வளவு ஏங்கிக் கிடந்தோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடைக்குப் போனோம், பஸ்ஸில் போனோம், ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போய்வந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காகத்தானே நாய் படாத பாடு பட்டோம்.

பன்னிரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். பாப்பாவை மேடைக்குக் கூப்பிடப் போகிறார்களாம். நான் இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். அன்றைக்கே அடுத்த வருடத்து இடமும் உறுதியாகிவிடும் என்று ஜாடையாகச் சொன்னார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை தாளில் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. "வாய் நன்று. கை நன்று. குதிகால் மறந்துவிடுகிறாள், நினைவூட்டவும்." மனைவி அதைப் படித்துவிட்டுப் பதறினாள்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை மேடையில முன்பாதத்துல நின்னா என்ன ஆகும்?"

"நினைவுபடுத்துவோம், அவ்வளவுதானே" என்றேன்.

நினைவுபடுத்தினோம். வீட்டுக்குள் நடந்தாலும் "குதிகால் கீழே." படியில் இறங்கினாலும் "குதிகால் கீழே." ஷூவை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது பத்தடிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பாப்பா ஒரு நொடி தயங்குவாள். பிறகு மெதுவாக வலது குதிகாலை இறக்குவாள். இறக்கியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது. அடம் பிடிக்கிறாள், மூன்று மாதப் பழக்கத்தை மறக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நிஜமாகவே இடது காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், அதையும் பார்த்தேன். "வேணாம்" என்றாள். மனைவிக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

"சனிக்கிழமை சுத்து வேணுமா, வேணாமா?" என்று கேட்டாள்.

பாப்பா கொஞ்ச நேரம் ஷூவைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். அன்றும் பச்சை வட்டம் வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமையாசிரியை மைக்கில் பேசினார். சத்தமே பிரச்சினையாக இருந்த ஒரு பிள்ளை எப்படி மாறியது, பெற்றோர் ஒத்துழைத்தால் எதையும் சாதிக்கலாம் என்றெல்லாம் சொன்னார். இதே தாளை மற்ற வகுப்புகளுக்கும் கொண்டுவரப் போவதாகவும் சொன்னார். கைதட்டல். பயிற்சியாளர் பாப்பாவின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்து, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ராகம் போட்டார்.

"வாய் மூடி."

உதடுகளை இறுக்கினாள்.

"கை மடியில."

வைத்தாள்.

"எழுந்து நில்லு. குதிகால் கீழே."

எழுந்தாள். முன்பாதத்தில்தான் நின்றாள். அரங்கில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்தது. "குதிகால்" என்றார் பயிற்சியாளர் மறுபடியும், முகம் கோணாமல். பாப்பா என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் அப்பாவைப் பார்ப்பார்களே, அப்படி. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் வரிசையிலிருந்து தலையை ஆட்டி, வாயை மட்டும் அசைத்து, "குதிகால்" என்றேன்.

இறக்கினாள். முழுதாக இறக்கினாள். கைதட்டல் எழுந்தது, நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் முழங்கால் நடுங்குவது தெரிந்தது. நெற்றி முழுக்க வியர்வை. மின்விசிறிக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தாள், மற்ற யாருக்கும் வியர்க்கவில்லை. கடித்த உதட்டில் ரத்தம் துளிர்த்திருந்தது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. என்ன உறைத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்து ஓடினேன். மேடையில் ஏறி அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்து, வலது ஷூவைக் கழற்றினேன்.

காலுறை ஷூவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணி என்பதால் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. தொட்ட என் விரல் சிவந்துவிட்டது. காலுறையை உரித்தபோது குதிகால் நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் வீங்கி, பழுத்து, மஞ்சளாக இருந்தது. வாடை அடித்தது. ஷூவுக்குள் கையை விட்டேன். உள்ளே போடும் மெத்தைத் துண்டுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ நின்றுகொண்டிருந்தது. மெஷினின் பின்தகட்டில் போடுகிற ஸ்க்ரூ. தலை அகலமாக, தட்டையாக இருக்கும். கீழே விழுந்தால் தலைமேல் உட்கார்ந்து நுனியை மேலே காட்டும். மெத்தையைத் துளைத்துக்கொண்டு அரை அங்குலம் மேலே வந்திருந்தது.

என் ஸ்க்ரூதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையைச் செருப்பு ஸ்டாண்டின்மேல் காலி செய்வது என் பழக்கம். அங்கே கொட்டாதீங்க என்று மனைவி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை சாயங்காலம், மெத்தைத் துண்டை வெளியே எடுத்துக் காயவைத்திருந்த நேரத்தில், ஷூவுக்குள் உருண்டு விழுந்திருக்க வேண்டும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நான்கு நாள். முன்பாதத்தில் நடந்து அவள் தப்பிக்கப் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அந்த வழியையும் அடைத்து, பத்தடிக்கு ஒரு தடவை, அவள் குதிகாலை ஸ்க்ரூவின்மேல் நாங்களே ஏற்றியிருக்கிறோம். ஏறியதற்கு மூன்று பச்சை வட்டம் வேறு. வலிக்கிறதா என்று கேட்க அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

தலைமையாசிரியை மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே அருகில் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், மைக்கில் சொன்னார்:

"பாருங்க... இவ்வளவு வலியிலயும் வாயே திறக்கல. எவ்வளவு பொறுமை!"

சிலர் கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் கைதட்டல் காதில் விழுந்தால் எதையாவது எடுத்து உடைக்கலாம் போல இருக்கிறது.

பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு நானும் மனைவியும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் சீழை வெளியேற்றி, கழுவி, உள்ளே துணித்திரி வைத்துக் கட்டினார். எலும்பு வரை போகவில்லை, இரண்டு நாள் தாமதமாகியிருந்தால் சொல்ல முடியாது என்றார். அவ்வளவும் நடக்கும்போது பாப்பா கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது. கைகள் மடியில் இருந்தன. நர்ஸ் ஆச்சரியப்பட்டு, "இந்த மாதிரி சமத்துக் குழந்தையை நான் பார்த்ததே இல்ல" என்றார். மனைவி கட்டிலை ஒட்டியிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புகார்ப் பிரிவில் பதினோரு வருடம். எவன் என்ன சொல்லித் திட்டினாலும் குரலை உயர்த்தாதவள்.

டாக்டர் வெளியே போனதும் தலைமையாசிரியை உள்ளே வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார் என்று வைத்துக்கொள்கிறேன். கையில் அந்த வாரத்துத் தாள் இருந்தது.

"இதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. பாப்பாவுக்கு அடுத்த வருஷம் இடம் உறுதி. நானே கையெழுத்து போட்டுடறேன். இவ்வளவு கட்டுப்பாடு இருக்கற பிள்ளையை யார் வேணாம்னு சொல்லுவாங்க? இந்த விஷயம் மட்டும் வெளியில பெருசாகாம..."

என் மனைவி கத்தினாள்.

வார்த்தை எதுவும் இல்லை. ஒரே மூச்சில், தொண்டை கிழிய, முகம் சிவக்க. அப்படிக் கத்தத் தெரிந்த இன்னொருத்தியைத்தான் எங்கள் வீட்டில் வாயடைத்து வைத்திருந்தோம். தலைமையாசிரியை இரண்டடி பின்வாங்கினார். வெளியே காத்திருந்தவர்கள் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தார்கள். பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கையை எடுத்து, கட்டிலிலிருந்து எட்டி, அம்மாவின் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

"வாய் மூடி" என்றாள்.

அதே ராகம். பயிற்சியாளரின் இழுப்புகூட மாறவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மனைவியின் கத்தல் நின்றுவிட்டது. பாப்பா அவள் கைகளைப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அவள் மடியில் வைத்தாள். "கை மடியில." குனிந்து ஸ்டூலுக்குக் கீழே பார்த்தாள். மனைவியின் குதிகால்கள் செருப்பிலிருந்து தூக்கியிருந்தன. பாப்பா பார்த்துக்கொண்டே இருந்தாள். மனைவி மெதுவாக அவற்றைக் கீழே வைத்தாள்.

"நல்ல பொண்ணு" என்றாள் என் மகள்.

தலைமையாசிரியை அழ ஆரம்பித்தார்.

"இடம் வேணாம் மேடம்" என்றேன்.

"அவசரப்படாதீங்க. நல்லா யோசிங்க. கத்தற பிள்ளையை எந்த ஸ்கூல்லயும்..."

"தெரியும் மேடம். ஆறு ஸ்கூல் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தோம்."

அன்று மாலையே போர்வையைப் பிடுங்கி எறிந்தேன். ஊக்கு பட்டு விரல் கிழிந்தது, அதுவும் எனக்கு வேண்டியதுதான். இப்போது பாப்பா எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. மனைவி வேலைக்குப் போகும் நேரத்தில் என்னோடு வேனில் வருகிறாள். நான் மெஷினைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சில வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளித்துக்கொண்டு இருக்கட்டும், வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும். புண் ஆறிவிட்டது. தினமும் இரண்டு வேளை அவள் பாதத்தைப் பார்க்கிறோம். அதற்கு மட்டும் எப்படியோ சம்மதித்திருக்கிறாள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் பாடம் நடக்கிறது. பாப்பா சோபாவில் உட்காருவாள். நான் வேண்டுமென்றே மேஜையில் முழங்காலை இடித்துக்கொண்டு, "ஆஆ! வலிக்குது!" என்று கத்துவேன். மனைவி ஓடி வந்து, "எங்க வலிக்குது? காட்டுங்க" என்று ஊதிவிடுவாள். அப்புறம் அவள் முறை. அவள் விரலைக் கதவில் நசுக்கிக்கொண்ட மாதிரி கத்துவாள், நான் ஓடுவேன். இந்த வயதில் இரண்டு கழுதைகள் வீட்டுக்குள் நாடகம் போடுகிறோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

போன வாரம் நடுவில் கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுக்காரர், கையில் துடைப்பக் கட்டையோடு நின்றார்.

"என்ன சார், பாப்பா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா? நல்லாத்தானே இருந்தா?"

"அவ இல்ல சார். நான்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"அவளுக்குச் சொல்லித் தர்றோம்."

"என்னத்தை?"

"கத்த."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டு ஓனரிடம் சொல்லப் போவதாகச் சொன்னார். தாராளமா சொல்லுங்க, எங்க பேரையும் சேர்த்துச் சொல்லுங்க என்று கதவைச் சாத்தினேன். உள்ளே மனைவி, "உங்க முறைங்க" என்றாள். போய்க் கத்தினேன். கீழ்வீட்டுக்காரர்மேல் இருந்த கோபம், தாளின்மேல் இருந்த கோபம், மைக்கின்மேல் இருந்த கோபம், என்மேல் இருந்த கோபம் எல்லாம் சேர்ந்து தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன்.

பாப்பா சோபாவிலிருந்து எங்களைக் கவனமாகப் பார்க்கிறாள். ஏழு வாரம் ஆகிவிட்டது. அவளிடமிருந்து இன்னும் ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.